இரும்பில்லாத வீடும் என் கழுத்தும்

என் கழுத்தைப் பற்றிக் கதைக்க இந்த நாட்டில் இத்தனை பேருக்கு நேரம் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழருக்கும் நேரம் இருந்தது, ஜேர்மன்காரருக்கும் நேரம் இருந்தது. இரண்டு பகுதியும் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையாக நின்றதை நான் காணவில்லை. நான் அளந்த செய்மதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் செய்மதியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கழுத்துக்காக வாசிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1969ஆம் ஆண்டின் கடைசியில் அப்போதைய மேற்கு ஜேர்மனி தன் முதல் ஆராய்ச்சிச் செய்மதியை அமெரிக்க ராக்கெட் ஒன்றில் ஏற்றி அனுப்பியது. உருளை உடம்பு, கூம்புத் தலை. பக்கத்தில் நின்றால் என் நெஞ்சுவரை வரும். சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களையும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. பூமியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம் அவற்றில் பலவற்றைத் தடுக்கிறது, சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, சிலவற்றைத் துருவப் பக்கமாக இறக்கிவிடுகிறது. அங்கே இரவு வானம் பச்சையாக ஒளிர்வது அதனால்தான். இந்தத் துகள்கள் எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்ப்பதுதான் அந்தச் செய்மதியின் வேலை.

எந்தத் திசையில் என்பதுதான் இங்கே முக்கியம். துகளை எண்ணுகிற கருவி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரியாவிட்டால் அது எண்ணியதற்கு அர்த்தமில்லை. அதற்காக அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் ஒரு எளிய வழி கண்டார்கள். செய்மதிக்குள் காந்தத்தை வைத்தார்கள். மேலே போனதும் அது திசைகாட்டி முள்ளைப்போலப் பூமியின் காந்தக் கோட்டோடு தானாகவே ஒத்து நின்றுகொள்ளும். மோட்டார் வேண்டாம், எரிபொருள் வேண்டாம். இவ்வளவு கெட்டித்தனமான காரியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் உள்ளே இருக்கும் காந்தத்தின் அச்சும் வெளியே இருக்கும் உடம்பின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே நாங்கள் பழைய அளவுகளை வாசித்து வந்தோம். கையால் செய்த எதுவும் அவ்வளவு நேராக இருக்காது. எவ்வளவு கோணல் என்றுதான் கேட்க வேண்டும். மேலே போனதைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க முடியாது. நல்ல காலமாக, ஏதும் பிழைத்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று அப்போதே இன்னொன்றும் செய்து வைத்திருந்தார்கள். அதே வரைபடம், அதே பாகங்கள், அதே ஆட்களின் கைகள். அந்த இரண்டாவது செய்மதி பறக்காமலே நாற்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தது. அதைத்தான் 2009இல் நான் அளந்தேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளிக்கூட வயதில் வந்தவள். இங்கே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, வடஜேர்மனியில் ஒரு பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்தேன். பட்டம் பெற்றவர்கள் யோசிப்பார்கள், நான் அளப்பேன். அறிக்கை அச்சாகும்போது என் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் வரும். அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டவள் இல்லை, அந்த வருடம் வரையில்.

அளக்கிற இடம் நகரத்துக்கு வெளியே, காட்டுக்குள் இருந்த ஒரு மரவீடு. அந்த வீட்டில் இரும்பு கிடையாது. ஆணி செம்பு, கதவுப் பிணைச்சல் பித்தளை, மேசை மரம். நடுவில் ஒரு அறை அளவுக்குச் செப்புக் கம்பிச் சுருள்கள் நிற்கும். அவற்றில் மின்சாரத்தை ஓடவிட்டால் பூமியின் காந்தப்புலத்தை அந்த இடத்தில் இல்லாமல் ஆக்கிவிடலாம். பிறகு உள்ளே வைத்த பொருளின் காந்தம் மட்டும்தான் பேசும். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு சாவி கிடந்தாலும் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, வெளி வாசல் கொட்டிலில் ஒரு மரக்கிண்ணம் வைத்திருந்தோம். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் உடம்பில் உள்ள உலோகத்தைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாவி, மணிக்கூடு, பெல்ட், கொண்டை ஊசி, எல்லாம். கொக்கியில்லாத உள்ளாடை தேடி நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

என் தாலிக்கொடியும் அந்தக் கிண்ணத்துக்குள் போகும். பவுன் காந்தத்தோடு ஒட்டாது என்பது எனக்குத் தெரியும், அதைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் எங்கள் பெண்களில் யாருடைய கொடியில் பவுன் மட்டும் தொங்குகிறது? என்னுடையதில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்குகள் கொளுவியிருக்கும். ஒன்று சேலைக்கு, ஒன்று அவசரத்துக்கு, ஒன்று எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. போதாததற்குக் கொடியின் பூட்டைத் திருத்திய தட்டார் உள்ளே ஒரு உருக்குச் சுருளை வைத்துவிட்டார். ஊக்கைக் கழற்றி, பூட்டைச் சோதித்து, கொடியை மட்டும் திரும்பப் போடுவதைவிட முழுவதையும் கழற்றி வைப்பது சுலபம். எங்கள் துறைத் தலைவரான கலாநிதியும் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அதே கிண்ணத்தில்தான் போடுவார். அவருடைய மோதிரமும் என் தாலியும் வருடக்கணக்காக ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அவருடைய மனைவிக்கும் ஒன்றும் நடக்கவில்லை, என் கணவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் செய்மதியை மரத் தட்டில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அளந்தேன். அளவு நேராக வரவில்லை. முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன். தட்டை மாற்றினேன், கருவியை மாற்றினேன், என் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றினேன். மீண்டும் அதே சாய்வுதான் வந்தது. உள்ளே இருந்த காந்தம் உடம்பின் அச்சோடு ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாத சாய்வு. ஆனால் மேலே போனதும் இதேபோலச் சாய்ந்திருந்தால், பக்கவாட்டில் வந்ததாக எழுதி வைத்த துகள்கள் கொஞ்சம் வேறு கோணத்தில் வந்திருக்க வேண்டும். நாற்பது வருடத்துக்கு முந்தைய எண்களை எடுத்துப் புதிதாக வாசிக்கலாம்.

கலாநிதியிடம் தாள்களைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். செய்மதியின் நாற்பதாம் ஆண்டுக்கு நகரத்து நூதனசாலை இரண்டாவது செய்மதியைக் காட்சிக்கு வைக்கப்போகிறது, விழாவில் ஒரு உரை இருக்கிறது, அதை நானே செய்ய வேண்டும் என்றார். "அளந்தவர்தான் சொல்ல வேண்டும்" என்றார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது என்று சொல்ல அந்த ஒரு சாய்வுதான் இருக்கிறது. அதை மேடையில் நின்று என் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அதே வாரம் வெள்ளிக்கிழமை கொலோனில் ஒரு கல்யாணம். என் கணவர் காட்டு வாசலில் காரோடு காத்துக்கொண்டு நின்றார். கடைசிச் சரிபார்ப்பும் முடிந்த சந்தோஷத்தில் சாவியை எடுத்தேன், மணிக்கூட்டை எடுத்தேன், கொடியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டேன். காருக்குள் சேலை மாற்றும்போதுகூட ஞாபகம் வரவில்லை. மண்டபத்தில் கைகழுவும் இடத்தில்தான் ஒரு அக்கா என்னைப் பிடித்தார். கொலோன் தமிழ்ச் சங்கத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு இட்லி அவியாது.

"என்ன பிள்ளை, கொடியைக் காணேல்லை?"

"வேலையிலை கழட்டி வைச்சனான் அக்கா. எடுக்க மறந்து போனன்."

"தாலியை மறக்கிறதோ? கைபோனை மறந்தனியோ?"

"இல்லை, அது இருக்கு."

"பின்னை?"

"அங்கை ஒரு செய்மதியை அளக்கிறம் அக்கா. இரும்பு கிட்டப் போகக்கூடாது."

"தாலி பவுனெல்லே. இரும்பே?"

"பவுன்தான். அதிலை ஊக்குக் கொளுவியிருக்கு."

"அப்ப ஊக்கைக் கழட்டிப்போட்டுத் தாலியைப் போடன்."

உண்மையைச் சொன்னால், இந்தக் கதை முழுவதிலும் என் கழுத்தைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே புத்தியான வார்த்தை அதுதான். நான் பூட்டைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். ஆனால் அக்கா அதற்கிடையில் மண்டபத்துக்குள் போய்விட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தபோது எதிரில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்த்தார்கள்.

அடுத்த கிழமை முழுவதும் தொலைபேசி. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இல்லையாம், உண்மையோ என்று ஒருத்தி கேட்டாள். அப்படிக் கேட்ட நேரத்தில் என் கணவர் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வேதத்துக்குச் சேர்ந்துவிட்டேன், கிறிஸ்தவளாகிவிட்டேன் என்று இன்னொரு கதை. எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடியில் மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அக்கா அதைக் கேள்விப்பட்டுப் படியேறி வந்தார். "வேதக்காரர் தாலி கட்டிறேல்லையெண்டு ஆர் சொன்னது? என்ரை கழுத்தைப் பாரும்" என்று அவருக்கு வேறு கோபம். தாலி போனால் புருஷன் போனான், இல்லாவிட்டால் சாமி போனார். மூன்றாவதாக ஒரு பெண்ணுக்கு ஒரு வேலை இருக்கலாம், அந்த வேலையில் ஒரு விதி இருக்கலாம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

என் கணவர் சண்டைக்காரர் இல்லை. பொதி பிரிக்கும் நிலையத்தில் வேலை முடித்து வந்தால் கிரிக்கெட் பார்ப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆனால் அவருக்கும் தொலைபேசி வந்தது. ஒரு நாள் மெல்ல வந்து நின்றார்.

"இஞ்சேரும், ஒரு கவரிங் சங்கிலி வாங்குவமோ? விசேஷத்துக்கு மட்டும். சும்மா ஆக்களின்ரை வாய்க்கு."

"ஆக்களின்ரை வாய்க்கு நான் ஏன் சங்கிலி போடவேணும்? அவையள் தங்கடை வாய்க்குப் போடட்டும்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாய்வைக் கண்ட நாளன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் முதலில் அவருக்குத்தான் சொன்னேன். "ஆ, நல்லது" என்றுவிட்டு எத்தனை விக்கெட் என்று பார்த்தார். செய்மதியைக் கேட்க வாய் வரவில்லை, சங்கிலியைக் கேட்க வருகிறது. அன்று முழுவதும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவ்வளவும் எங்கள் ஆட்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று விட்டுவிட்டேன். என்னை நிஜமாக எரித்தது அதற்குப் பிறகு வந்தது.

நூதனசாலை விழாவைப் பற்றி எழுத உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல பெண், மரியாதையாகப் பேசினார். மரவீட்டைச் சுற்றிக் காட்டினேன். செப்பாணியைக் காட்டினேன், சுருளைக் காட்டினேன். எழுதிக்கொண்டே வந்தார். திரும்பி வரும்போது வாசலில் கிண்ணத்தைப் பார்த்தார். இது என்ன ஆபரணம் என்று கேட்டார். எங்கள் கல்யாணத்தில் கட்டுவது, உங்கள் மோதிரம் மாதிரி என்றேன். எப்போதும் கழற்றுவதில்லையா என்றார். வழக்கமாக இல்லை, இங்கே விதி என்பதால் கழற்றுகிறேன் என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருடைய பேனா செய்மதிப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் முறை கழற்றியபோது எப்படி உணர்ந்தீர்கள்? பயமாக இருந்ததா? குடும்பம் என்ன சொன்னது? நான் சாய்வைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், எழுதவில்லை. பக்கத்தில் கலாநிதி தன் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கழற்றும்போது எப்படி இருந்தது என்று அவரிடம் அந்தப் பெண் கேட்கவில்லை.

சனிக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. படத்தில் என் கை, கிண்ணம், தாலி. ஒரு தமிழ்ப் பெண் ஆய்வுகூடத்தில் விடுதலையைக் கண்ட கதை என்கிற மாதிரித் தலைப்பு. ஒவ்வொரு காலையும் நான் என் மரபைக் கழற்றி வைத்துவிட்டு நவீன உலகத்துக்குள் நுழைகிறேனாம். ஒவ்வொரு மாலையும் அதைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறேன் என்பதை வசதியாக விட்டுவிட்டார்கள். செய்மதி என்ற சொல் ஒரு இடத்தில் வந்தது. அதுவும் அந்த மரவீடு எதற்கு என்று விளக்க. அவலை நினைத்து உரலை இடிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் அச்சில் பார்த்தேன். இத்தனைக்கும் எழுதிய பெண் என்மீது பாசத்தோடுதான் எழுதியிருந்தார். ஆடு நனைகிறதே என்று அழுதவர்களில் எல்லோரும் ஓநாய் இல்லை. ஆனால் ஆடு நனையவில்லை என்பதை யாராவது முதலில் பார்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை நிலையத்தில் எனக்குத் தெரியாதவர்கள்கூட வந்து தோளைத் தட்டினார்கள். துணிச்சல் என்றார்கள். எதற்குத் துணிச்சல்? சாவியைக் கிண்ணத்தில் போட்டதற்கா? புதன்கிழமை கலாநிதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நூதனசாலையில் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்களாம். செய்மதியைப் பற்றி அவர் பேசுவாராம். நான் என் சொந்தப் பாதையைப் பற்றிப் பேசினால் நிறையப் பேர் வருவார்களாம்.

"என் பாதை என்றால் எது? வீட்டிலிருந்து காட்டுக்கு வரும் பாதையா?" என்று கேட்டேன்.

"உங்கள் கதை மக்களின் மனதைத் தொடுகிறது" என்றார்.

"செய்மதி தொடாதா?"

அவர் நூதனசாலையின் கடிதத்தை எடுத்து நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை, நூதனசாலைக்காரருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அளந்தவர்தான் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். சாய்வைச் சொல்ல விடாவிட்டால் நான் வரமாட்டேன், கழுத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கிண்ணத்தை மேடையில் வைத்து அதைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியில் செயலாளர் தட்டச்சை நிறுத்தியது கேட்டது. கடைசியில் பாதி இறங்கி வந்தார். நானே செய்மதியைப் பற்றிப் பேசலாம், ஆனால் நேரம் குறைவு, முடிவில் கேள்விக்கு இடம் விட வேண்டும். சரி என்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

விழாவுக்கு என்ன உடுப்பது என்பது இன்னொரு கூத்து. தாலி தெரிய உடுத்தால், பாவம், மாலையில் திரும்பவும் பூட்டிவிட்டார்கள் என்பார்கள். தெரியாமல் உடுத்தால், பாருங்கள், எறிந்துவிட்டாள் என்பார்கள். அந்த நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் வருவதாகக் கேள்விப்பட்டேன், அவர்களுக்கு இதே கணக்குத் தலைகீழாக இருக்கும். என் கழுத்து எனக்குச் சொந்தமாக இருந்த காலம் போய்விட்டது. ஒரு வளர்ந்த பெண், காந்தப்புலத்தை அணைக்கவும் ஏற்றவும் தெரிந்தவள், அலுமாரிக்கு முன்னால் அழாத குறையாக நின்றேன். பிறகு தாடைவரை மூடுகிற கறுப்புக் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டேன். உள்ளே இருந்ததா இல்லையா என்பதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. செய்மதி ஒரு வெளிச்சத்துக்குக் கீழே நின்றது, துடைத்து, சுற்றிவரக் கயிறு கட்டி. நான் ஏறிப் பேசினேன். சூரியத் துகள்களைச் சொன்னேன், காந்தக் கோட்டைச் சொன்னேன். மேலே போன செய்மதியின் பதிவுநாடாக் கருவி சில வாரங்களிலேயே நின்றுவிட்டதைச் சொன்னேன். அதன் பிறகு நிலத்தில் கேட்கும் நிலையங்களுக்கு மேலாகப் பறக்கும்போது அது அனுப்பியது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தது, அடுத்த கோடையில் முழுவதுமாகப் பேச்சு நின்றது என்று சொன்னேன். பிறகு சாய்வைச் சொன்னேன். எப்படிக் கண்டேன், எத்தனை தரம் சரிபார்த்தேன், அதனால் பழைய எண்களில் என்ன மாறும் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை நாலு வரி ஒப்பிக்கும்போது பார்ப்பதுபோல.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். உங்கள் கணவர் இதற்கு என்ன சொன்னார் என்று கேட்டார். எதற்கு என்றேன். அதற்குத்தான் என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். செய்மதியைப் பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். அடுத்தவர் எழுந்து, உங்கள் சமூகத்தில் மற்றப் பெண்களும் உங்களைப் பின்பற்றுகிறார்களா என்று கேட்டார். மேடையில் இருந்த தண்ணீர்க் குவளையை நான் இறுக்கிப் பிடித்தேன். எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நாற்பது வருடம் பெட்டியில் இருந்த ஒரு பொருள் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது, சூரியனிலிருந்து வந்ததை அளக்கச் செய்தது, அதைத் திரும்பிப் பார்க்கவும் ஒருவருக்கு மனமில்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் கணவர். வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. நிகழ்ச்சி நடத்தியவர், "ஆ, கணவரே வந்திருக்கிறார்" என்று ஒலிவாங்கியைக் கொடுத்து அனுப்பினார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பத்திரிகைப் பெண் கமராவைத் தூக்கினார்.  என் கணவர் எழுந்து, பொதி நிலையத்தில் பழகிய டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கேட்டார். பதிவுநாடா நின்றுபோனது என்று சொன்னீர்கள். நாடா சிக்கினதா, மோட்டார் நின்றதா? நின்ற பிறகு கடலுக்கு மேலே போகும்போது அளந்ததெல்லாம் எங்கே போனது?

அவர் ஊரில் கல்யாணத்துக்கு முன் றெக்கோடிங் பார் வைத்திருந்தவர், கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. நாடா நின்றது என்று கேட்டதும் அந்த மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மண்டபத்தில் செய்மதியைப் பற்றி வந்த ஒரே கேள்வி அது. அதையும் என் கணவர்தான் கேட்டார், கிரிக்கெட் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று நான் திட்டிய அதே கணவர். நான் குவளையை வைத்துவிட்டுப் பதில் சொன்னேன். மேலே இருப்பதைத் திறந்து பார்க்க முடியாததால் என்ன உடைந்தது என்று நேரில் கண்டவர் யாரும் இல்லை என்றேன். கடலுக்கு மேலே அது அளந்தது, சொன்னது, கேட்க ஆளில்லை, அது போனது போனதுதான் என்றேன். "அப்ப, இருக்கிறதையாவது சரியா வாசிக்கவேணும். அதுக்குத்தான் உம்மடை சாய்வு" என்று அவர் தன்னை மறந்து தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதை நான் டொச்சில் திருப்பிச் சொன்னேன். மண்டபம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது.

அடுத்த நாள் பத்திரிகையில் அவருடைய படம், ஒலிவாங்கியோடு. கணவரும் துணை நிற்கிறார் என்று தலைப்பு. விழாவில் எழுந்து நின்று அவர் தன் மனைவியின் முடிவுக்கு எல்லோர் முன்னிலையிலும் சம்மதம் தெரிவித்தாராம், மண்டபம் நெகிழ்ந்ததாம். சாய்வு இல்லை. நாடா இல்லை. செய்மதி, படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்தது.

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை மேசையில் பத்திரிகையை விரித்து, விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். ஒரு தரம் வாசித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வாசித்தார். இந்த மனிதருக்குக் காதுவரை சிவந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"சம்மதமோ? நான் என்ன சம்மதம் குடுத்தனான்? நான் கேள்வியெல்லே கேட்டனான்."

"விடுங்கோ. உவையளுக்கு விளங்காது."

"விளங்காட்டில் விளங்கப்படுத்த வேணும். நான் கேட்டதை ஏன் போடேல்லை?"

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இலக்கத்தைத் தேடி எடுத்து அழுத்தினார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கம் ஆள் வந்ததும் வணக்கம் சொன்னார். பிழையாக எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டது பதிவுநாடாவைப் பற்றி என்றார். அவர்கள் ஏதோ கேட்டார்கள். இல்லை, தாலியைப் பற்றி இல்லை என்றார். இன்னும் ஏதோ கேட்டார்கள். அவர் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"இந்தாரும். சாய்வை நீர் சொல்லும். அது உம்மடை."

வாங்கினேன். ஒரு இளம் குரல், நீங்கள்தானா அந்தத் தாலிப் பெண்மணி என்று அன்பாகக் கேட்டது.

"இல்லை" என்றேன். "செய்மதியை அளந்தவள். பேனாவை எடுங்கள்."